தகரம் பொங்கிய வெள்ளிக்கிழமை

அஞ்சலாட்சிக்குப் பொய் சொல்ல வராது. முயன்று பார்த்தும் வரவில்லை. ஒருமுறை வீட்டுப்பாடம் எழுதாததற்குக் காய்ச்சல் என்று சொல்லப் போனாள். டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்குள், "இல்ல டீச்சர், மறந்துட்டேன்" என்று தானே உளறிவிட்டாள்.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ஒரு வகுப்பே "புளுகு மூட்டை" என்று சொன்னது. எதற்காக என்று கேளுங்கள். ஒரு விரல் நீளத் தகரத்துக்காக.

இது புதுச்சேரியில் 1958ஆம் ஆண்டு நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அஞ்சலாட்சியின் பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம் தமிழுக்கு வந்துவிட்டது. தமிழ்ப் புத்தகம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் ராஜாம்பாள் டீச்சர் ஆங்கிலப் புத்தகத்தை ஒரு கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கரும்பலகையில் தமிழில் எழுதிப் போடுவார். கடலூரிலிருந்து வந்த டீச்சர் அவர். நல்லவர்தான், ஆனால் கண்டிப்பானவர். இன்ஸ்பெக்டர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்கு வியர்த்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் வியர்த்தபடிதான் வகுப்புக்குள் வந்தார்.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. நாலாம் பாரம் சோதனை செஞ்சு காட்டணுமாம். அமிலத்தத் தொடணும். யாருக்குக் கை நடுங்காது?"

நாலாம் பாரம் என்றால் இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. அத்தனை பெண்களும் திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்தார்கள். தேங்காய்த்திட்டில் வீடு, அப்பா சுப்ரமணி கடலுக்குப் போகிறவர். கெளுத்தி மீனின் முள்ளை ஒடித்துப் பழகிய கை அது. நடுங்குமா?

"சரி, நீயே செய்" என்றார் டீச்சர்.

மீன் விற்கும் அம்மா பூவாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் மார்க்கெட்டில், "எம் பொண்ணு பெரிய ஆபீசருக்கே திராவகத்த பொங்க வெச்சிக் காட்டப் போறா" என்று வஞ்சிரம் வாங்கியவர்களிடம் சொன்னார். நெத்திலி வாங்கியவர்களிடமும் சொன்னார். பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனவர்களைக் கூடக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை.

"உலோகங்கள்லயும் சுறுசுறுப்பானது உண்டு, சோம்பேறியும் உண்டு" என்றார் டீச்சர். "அமிலத்துல போட்டா தெரிஞ்சிடும். சுறுசுறுப்பானது பொங்கும். சோம்பேறி சும்மா உக்காந்திருக்கும்."

கரும்பலகையில் நான்கு வரி எழுதினார். நாகம், அதாவது துத்தநாகம்: வேகமாகப் பொங்கும். இரும்பு: நிதானமாகப் பொங்கும். தகரம்: மிக மிக மெதுவாக. செம்பு: ஒன்றும் நடக்காது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் zinc, iron, tin, copper என்று ஆங்கிலப் பெயரையும் எழுதினார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பாட்டில் அமிலம். எனவே ஒரு பெஞ்சுக்கு ஓர் உலோகம்தான். நாகம் அலமாரியில் இருந்தது. அந்த அலமாரியில் இருந்த ஜாடிகள் எல்லாவற்றிலும் பிரெஞ்சில்தான் பெயர் எழுதியிருக்கும். டீச்சருக்குப் பிரெஞ்சு தெரியாது. நாகத்தின் பெயருக்கு மட்டும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதே நாலு எழுத்து. அதனால் அந்த ஒரு ஜாடியை டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். மற்ற உலோகங்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார். செம்புக்கு ஒருத்தி கம்பி கொண்டுவந்தாள். இரும்புக்கு ரஞ்சிதம் ஆணி கொண்டுவந்தாள். அஞ்சலாட்சியின் பெஞ்சுக்குத் தகரம்.

தகரத்துக்கு என்ன பஞ்சம்? மீன் ஏலம் போடும் கொட்டாயின் கூரையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய தகரத்தில் அப்பா ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருந்தார்.

அந்தப் பெஞ்சில் இன்னொருத்தியும் இருந்தாள். அவள் பெயர் மர்கரீத். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருடம்தான் மர்கரீத் பிரெஞ்சுப் பள்ளியை விட்டு இங்கே வந்தாள். தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "பள்ளம்" என்பதைப் "பல்லம்" என்று அவள் படித்த நாளில் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் வாயைத் திறப்பதில்லை. அஞ்சலாட்சிதான் தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து அவளுக்குப் பாடத்தைப் படித்துக் காட்டுவாள்.

டீச்சர் சோதனைக்குழாயில் கொஞ்சம் அமிலம் ஊற்றினார். அஞ்சலாட்சி தகரத்துண்டின் பாதியை உள்ளே இறக்கினாள்.

பொங்கியதே ஒரு பொங்கு! உலையில் அரிசி போட்டது போலக் குமிழிகள் கொதித்துக்கொண்டு மேலே வந்தன. மிக மிக மெதுவாக என்றல்லவா பலகையில் இருக்கிறது? அஞ்சலாட்சி எண்ண ஆரம்பித்தாள். நூற்றிருபது வரை எண்ணியபோது பொங்கியது சட்டென்று அடங்கி, நிதானமாகிவிட்டது.

பார்த்ததை அப்படியே நோட்டில் எழுதினாள். "தகரம் முதலில் நாகத்தைப் போல வேகமாகப் பொங்கியது. 120 எண்ணியதும் அடங்கியது."

மர்கரீத் கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிவிட்டாள். தமிழில் சொந்தமாக எழுதுவதை விட அது சுலபம் அல்லவா?

டீச்சர் நோட்டை வாங்கிப் படித்தார். அவர் புருவம் ஏறியது. "என்னடி இது? தகரம் எங்கயாவது இப்படிப் பொங்குமா?"

"பொங்குச்சு டீச்சர்."

"ஏலக் கொட்டாய்த் தகரம்னு சொன்னியே. உப்புக் காத்துல கெடந்தது. உப்பு ஒட்டியிருக்கும், அதான். இத அடிச்சிட்டு 'மிக மிக மெதுவாக'ன்னு எழுது. இன்ஸ்பெக்டர் நோட்டெல்லாம் பாப்பாரு."

"மெதுவா பொங்கலையே டீச்சர். எப்படி எழுதறது?"

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. "புளுகு மூட்டை" என்று பின் பெஞ்சில் யாரோ சொன்னார்கள். அது மற்ற பெஞ்சுகளுக்கும் பரவியது. டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் பாடத்தையே ஒரு பெண் தப்பு என்றால் யாருக்குத்தான் வராது?

"வியாழக்கிழமைக்குள்ள மாத்தி எழுதிக் காட்டு. இல்லன்னா சோதனைய ரஞ்சிதம் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் அஞ்சலாட்சி நோட்டைத் திறப்பாள், மூடுவாள். ஒரு கோடு போட்டால் போதும், வெள்ளிக்கிழமை அவளுடையது. போடாவிட்டால்? மார்க்கெட்டில் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அழுகை அழுகையாக வந்தது. பேனாவை எடுத்தாள். ஆனால் அந்தக் குமிழிகளை அவள் தன் இரண்டு கண்ணால் பார்த்திருந்தாள். கோடு போட அவளுக்குக் கை வரவில்லை.

வியாழக்கிழமை மாலை டீச்சர் ரஞ்சிதத்தின் பெயரைச் சொன்னார்.

"நான் புதுத் தகரமா கொண்டாறேன் டீச்சர்" என்றாள் ரஞ்சிதம். அவள் அப்பா வாளி, தகரம் எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். "எங்க கடையில உப்புக் காத்தே கெடையாது." இதற்கும் வகுப்பு சிரித்தது.

எல்லாரும் போன பிறகு, சோதனைக்குழாய்களைக் கழுவும் முறை அஞ்சலாட்சிக்கும் மர்கரீத்துக்கும். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமைத் தகரத்துண்டு கிடந்தது. அஞ்சலாட்சி அதை எரிச்சலோடு தூக்கி எறியப் போனாள். எறியவில்லை.

துண்டின் மேல் பாதி வெள்ளையாக மினுங்கியது. அமிலத்தில் நனைந்த கீழ்ப் பாதி கறுத்திருந்தது.

"மர்கரீத், இங்க பாரேன். மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு."

அலமாரியில் இருந்த காந்தத்தை எடுத்து வந்து கறுத்த பாதியில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"உள்ள இருக்கறது இரும்பு! அதான் கடைசியில நிதானமா பொங்குச்சு. அப்போ மேல பூசியிருக்கறது என்ன? தகரமா? தகரம்தான் மெதுவாச்சே."

மர்கரீத் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"என்ன, சொல்லு."

"சிரிப்பீங்க."

"நான் என்னிக்காவது சிரிச்சிருக்கேனா?"

மர்கரீத் கொஞ்சம் யோசித்தாள். சிரித்ததில்லைதான். "எங்க வீட்டுக் கூரையிலயும் இதான் போட்டிருக்கு. நீங்க எல்லாம் தகரம்னு சொல்றீங்க. எங்கப்பா தகரம்னு சொல்ல மாட்டாரு. ஸேங்னு சொல்வாரு."

"ஸேங்னா?"

மர்கரீத் அலமாரிக்குப் போய், நாகம் இருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே ஒட்டியிருந்த நாலு எழுத்தின் மீது விரலை ஓட்டி, "இத பிரெஞ்சுல படிச்சா ஸேங்" என்றாள்.

அஞ்சலாட்சி ஜாடியைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஊர் முழுக்கத் தகரம் தகரம் என்று சொல்வது இரும்பைத்தான். அதன் மேல் நாகம் பூசியிருக்கிறது. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசியிருப்பார்கள். டீச்சரின் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும் உலோகமே வேறு!

"இத்தன நாளா ஏண்டி சொல்லல?"

"நான்தான் தப்பா சொல்றேன்னு நெனச்சேன்" என்றாள் மர்கரீத்.

இருவரும் டீச்சரைத் தேடி ஓடினார்கள். டீச்சர் தலைமையாசிரியையின் அறையில் இருந்தார். மறுநாள் காலையிலும் ஓடினார்கள். டீச்சர் நாற்காலிகளைத் துடைக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்தத் தகரம் வந்து..."

"இன்னிக்கு மட்டும் தகரத்தப் பத்திப் பேசாதம்மா. உனக்குப் புண்ணியமா போவும்" என்றார் டீச்சர். முகமெல்லாம் வியர்வை.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி வந்தார். தடித்த கண்ணாடி, கக்கத்தில் குடை. எல்லாரும் எழுந்து "வணக்கம் ஐயா" என்றார்கள். மர்கரீத் மட்டும் பதற்றத்தில் "போன்ழூர் முசியே" என்றுவிட்டாள். பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் "போன்ழூர் மத்முவாசேல்" என்றார். அவரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்தானே.

ரஞ்சிதம் மேசை முன் வந்து நின்றாள். நான்கு குழாய்களில் அமிலம் தயார். நாகத்தைப் போட்டாள், வேகமாகப் பொங்கியது. ஆணியைப் போட்டாள், நிதானமாகப் பொங்கியது. செம்புக்கம்பி சும்மா கிடந்தது. டீச்சர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"இப்ப தகரம். இது மிக மிக மெதுவா வினை புரியும்" என்று சொல்லி, ரஞ்சிதம் கடையின் புத்தம் புதுத் தகரத்தைக் குழாயில் இறக்கினாள்.

அது பொங்கிய பொங்கில் நுரை குழாயின் கழுத்து வரை ஏறியது. ரஞ்சிதம் "ஐயோ" என்று பின்வாங்கினாள்.

"இதுதான் மிக மிக மெதுவாகவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

உண்மையைச் சொல்வதானால், அந்த நொடி அஞ்சலாட்சியின் மனத்தில் முதலில் வந்தது 'நல்லா வேணும்' என்பதுதான். இரண்டு நாள் அழுதவள் வேறு என்ன நினைப்பாள்? ஆனால் டீச்சரைப் பார்த்தாள். அவர் ஆங்கிலப் புத்தகத்தின் பக்கங்களை மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அஞ்சலாட்சியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"ஐயா, ரஞ்சிதம் எதுவும் தப்பா செய்யல. டீச்சர் சொல்லிக் குடுத்ததும் தப்பில்ல. இது இப்ப அடங்கிடும் பாருங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏற்கெனவே பாத்தேன். நூத்திருபது எண்ணறதுக்குள்ள அடங்குச்சு."

"எண்ணு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அஞ்சலாட்சி எண்ணினாள். வகுப்பும் கூடச் சேர்ந்துகொண்டது. நூறு. நூற்றுப்பத்து. நூற்றிருபது. தகரம் அடங்கவில்லை. கொதித்துக்கொண்டேதான் இருந்தது.

பின் பெஞ்சில் சிரிப்பு. "புளுகு மூட்டை" என்று மெதுவாக ஒரு குரல். எங்கே தப்பு? அஞ்சலாட்சியின் மூளை பரபரவென்று ஓடியது. அவளுடையது கடற்காற்றில் கிடந்து தேய்ந்த பழைய தகரம். இது கடையிலிருந்து நேராக வந்த புதுசு. பூச்சு கனமாக இருக்கும்!

"இது புதுசுங்கய்யா, நேரமாவும். ஆனா கண்டிப்பா அடங்கும்" என்றாள். குரல் இப்போது கணீரென்று இருந்தது. தனியாகவே மேலே எண்ணினாள்.

நூற்றைம்பது. இருநூறு. இருநூற்றுப்பத்து.

இருநூற்றுப் பதினாலில் நுரை சரிந்தது. குமிழிகள் குறைந்தன. பக்கத்துக் குழாயில் ஆணி எப்படிப் பொங்கியதோ, அதே நிதானத்தில் தகரமும் பொங்க ஆரம்பித்தது.

அஞ்சலாட்சி இடுக்கியால் துண்டை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். நனைந்த பாதி கறுத்திருந்தது. காந்தத்தை வைத்தாள். டக்.

"உள்ள இரும்பு, மேல நாகப் பூச்சு. பூச்சு இருக்கற வரைக்கும் நாகம் மாதிரி பொங்கும். பூச்சு கரைஞ்சிட்டா இரும்பு மாதிரி பொங்கும். நாம இத தகரம்னு சொல்றோம். மர்கரீத் வீட்டுல சரியா சொல்றாங்கய்யா, ஸேங்னு."

"ஸேங்" என்று இன்ஸ்பெக்டர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுலயும் அப்படித்தாம்மா சொல்வோம். அம்பது வருஷமா சொல்றேன், ஏன்னு ஒரு நாள் கூட யோசிச்சதில்ல. சரி, டீச்சரோட பட்டியல்ல இருக்கற அந்த மெதுவான உலோகம் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் "டின்" என்று ஆங்கிலப் பெயரைச் சொன்னார். அப்போது மர்கரீத் யாரும் கேட்காமலே எழுந்தாள். அலமாரியின் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு ஜாடியை எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள்.

"இது எத்தேன். இங்கிலீஷ்ல டீச்சர் சொன்னது இதான்" என்றாள். அவள் முதல்முறையாக வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி பேசினாள். யாரும் சிரிக்கவில்லை.

இத்தனை மாதமும் அது அலமாரியிலேயே இருந்திருக்கிறது! அஞ்சலாட்சி ஒரு துண்டை எடுத்துப் புது அமிலத்தில் போட்டாள். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு குமிழி வந்தது. பிறகு சோம்பல் முறித்துக்கொண்டு இன்னொன்று.

"மிக மிக மெதுவாக" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கைதட்டல் அறையை அதிர வைத்தது. ரஞ்சிதம்தான் எல்லாரையும் விட ஓங்கித் தட்டினாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் ராஜாம்பாள் டீச்சர் முன்னால் வந்தார். அவருக்கு இப்போது வியர்க்கவில்லை.

"ஐயா, இவ இத செவ்வாய்க்கிழமையே பாத்து எழுதிட்டா. நான்தான் அடிக்கச் சொன்னேன். இவ அடிக்கல" என்றார். அஞ்சலாட்சியின் தோளில் கை வைத்தார். "நீ அடிக்காததுதான் நல்லதாப் போச்சு, கண்ணு."

அஞ்சலாட்சிக்கு மறுபடி அழுகை வந்தது. ஆனால் இது வேறு அழுகை.

டீச்சர் கரும்பலகைக்குப் போய், பட்டியலில் இருந்த தகரம் என்ற சொல்லை அழித்தார். அந்த இடம் காலியாக இருந்தது. "எத்தேனுக்குத் தமிழ்ல என்ன?" என்று டீச்சர் யோசித்தார்.

அஞ்சலாட்சி ஜாடியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக, மெத்தென்று, விரலால் அழுத்தினால் வளைந்தது. "இது பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசற ஈயம் டீச்சர்."

"ஈயம்னா வலையில கட்டுவீங்களே, அதுவா?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

"வலையில கட்டறது கறுப்பு, கனமா இருக்கும். அது காரீயம். அது வேற, இது வேற."

ஒரு சொல்லால் வந்த வினை போதும் என்று டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுதப் போன கையை நிறுத்தினார். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. நான் எழுதறேன்."

"வெள்ளீயம்" என்றாள் அஞ்சலாட்சி.

டீச்சர் எழுதினார்.